சிடியா, எம்ஆர்ஐயா, அல்ட்ராசவுண்டா? டெல்டா குடும்பங்கள் முடிவெடுக்க ஓர் ஒப்பீடு

திருத்துறைப்பூண்டியிலோ பாபநாசத்திலோ ஒரு டாக்டர் சீட்டில் "சிடி எடுத்து வாங்க" என்று எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். தஞ்சாவூர் போகலாமா, பக்கத்திலேயே எடுத்துவிடலாமா? எம்ஆர்ஐதானே பெரிய ஸ்கேன், அதையே எடுத்துவிட்டால் ஒரே வேலையாகப் போகுமே? போன வாரம் எடுத்த அல்ட்ராசவுண்ட் போதாதா? கதிர்வீச்சு என்கிறார்களே, பிள்ளைக்கு எடுக்கலாமா?

ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் தினமும் என் காதில் விழுகின்றன. கேட்பவர்களில் பலர், விலை ஏற ஏற ஸ்கேனின் தரமும் ஏறும் என்று நம்புகிறார்கள். அது உண்மையில்லை. ஒவ்வொரு கருவிக்கும் சில கேள்விகளுக்குத்தான் விடை தெரியும். டாக்டர் மனதில் இருக்கும் கேள்வி என்னவென்று தெரிந்துவிட்டால், எந்த ஸ்கேன், எங்கே, எவ்வளவு அவசரம் என்ற மூன்றும் தெளிந்துவிடும்.

சிடி எதைப் பார்க்கும்

சாதாரண எக்ஸ்ரேயில் கதிர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நிழலாக விழுகிறது. நெஞ்சுப் படத்தில் விலா எலும்பு, இதயம், நுரையீரல், முதுகெலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். சிடியில் அதே எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றி வருகிறது. எல்லாக் கோணங்களிலிருந்தும் எடுத்த அளவுகளைக் கம்ப்யூட்டர் சேர்த்து, வாழைத்தண்டை வட்ட வட்டமாக அரிந்து வைத்ததுபோல் உடலின் குறுக்குவெட்டுப் படங்களைத் தருகிறது. இதை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளை இப்படிப் படமெடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும், இதற்கான கணிதத்தைத் தனியாக வகுத்திருந்த ஆலன் கோர்மக்குக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0. காற்றுக்கு கழித்தல் 1000. கொழுப்பு கழித்தல் 100க்குப் பக்கத்தில் நிற்கும். மூளைத் திசு 20 முதல் 40 வரை, புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50 முதல் 80 வரை, கெட்டியான எலும்பு 1000 வரைகூடப் போகும். ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரிலேயே வழங்கும் இந்த எண்களைப் பார்த்தால் சிடியின் பலம் புரிந்துவிடும். சுற்றியிருக்கும் திசுவிலிருந்து அடர்த்தியில் தெளிவாக விலகி நிற்பவை, அதாவது புதிய ரத்தக் கசிவு, எலும்பு முறிவு, சிறுநீரகக் கல், இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் காற்று, இவை சிடியில் சில நொடிகளில் பளிச்சென்று தெரியும். முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க், நரம்பு, மூட்டுச் சவ்வு, கருப்பை போன்றவற்றின் அடர்த்தி அக்கம்பக்கத்துத் திசுவுக்கு மிக நெருக்கமானது. அங்கே சிடி திணறும்.

எம்ஆர்ஐ காந்தத்தையும் ரேடியோ அலையையும் வைத்து உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைப் படிக்கிறது. கதிர்வீச்சு கிடையாது, மென்மையான திசுவைப் பிரித்துக் காட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இருபது நிமிடம் முதல் முக்கால் மணி நேரம் வரை அசையாமல் குழாய்க்குள் படுத்திருக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஒலி அலையால் பார்க்கிறது. மலிவு, கதிர்வீச்சு இல்லை. ஆனால் ஒலி அலையால் எலும்பையும் காற்றையும் தாண்டிப் போக முடியாது. எடுக்கும் டாக்டரின் கைத்திறனும் முடிவை ரொம்பவே மாற்றும்.

பக்கவாதம்: இங்கே யோசிக்கவே நேரமில்லை

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கை தூக்கினால் விழுகிறது, பேச்சு குழறுகிறது. இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் முதலில் தேவைப்படுவது சிடிதான். மூளை ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், அல்லது வெடித்து ரத்தம் கசிந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். அடைப்பு என்றால் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், அதற்கான நேரம் பொதுவாக நாலரை மணி. கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, மருந்து செலுத்தாத சாதாரண சிடி சில நிமிடங்களில் போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் சிடி பெரும்பாலும் நார்மலாகவே தெரியும். "ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு சார், அப்பாவக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று மகன்கள் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நார்மல் என்பதன் பொருள் கசிவு இல்லை என்பது மட்டும்தான். ஊசி போட வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீட்டுக்குத் திரும்புவது கிடைத்த வாய்ப்பைக் கை நழுவ விடுவது. சின்ன அடைப்பையும் முதல் மணி நேரத்திலேயே காட்டக்கூடியது எம்ஆர்ஐதான். படத்தின் துல்லியத்தை மட்டும் பார்த்தால் அது மேல். ஆனால் பெரிய பெருமூளை அடைப்பில் ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எம்ஆர்ஐக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பதைவிட உடனே கிடைக்கும் சிடி மேல். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

டெல்டாவில் இதைவிடப் பெரிய கேள்வி, முதலில் எங்கே போவது என்பது. வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு 40. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கிளம்பினால் நாலரை மணி அங்கேயே தீர்ந்துவிடும். சிடியும் கரைக்கும் ஊசியும் இரண்டும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும். 108 வண்டியில் ஏறும்போதே அந்த ஊழியரிடம் அதைக் கேட்டுவிடுங்கள். மாவட்ட எல்லையைப் பார்க்காதீர்கள். சீர்காழிக்காரர்களுக்குச் சிதம்பரம் 20 கிலோமீட்டர்தான், பழைய ராஜா முத்தையா மருத்துவமனை இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கசிவா அடைப்பா என்று தெரியும் முன் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை வாயில் போடக் கூடாது. தண்ணீரும் கொடுக்க வேண்டாம், விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

தலையில் அடி

பைக்கிலிருந்து விழுந்தவர், தென்னை மரத்திலிருந்து தவறியவர், மாடியில் நெல் காயவைக்கப் போய்ச் சறுக்கியவர். நினைவு தப்பினாலோ, ஒரு முறைக்கு மேல் வாந்தி வந்தாலோ, காது மூக்கில் ரத்தமோ நீரோ வடிந்தாலோ, பேச்சில் குழப்பம் இருந்தாலோ சிடிதான், அதுவும் உடனே. வயது 65ஐத் தாண்டியவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் சின்ன அடி என்றாலும் டாக்டர்கள் சிடி கேட்பார்கள். அது வீண் செலவு இல்லை. வயதானவர்களுக்கு மூளை உறைக்கு அடியில் மெல்ல ரத்தம் சேர்ந்து, சில வாரம் கழித்து நடை தடுமாறி, மறதி கூடி வெளியே தெரிவதும் உண்டு. "தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடாமல், இடையில் எங்காவது விழுந்தாரா என்று கேளுங்கள்.

குழந்தைகள் விஷயம் வேறு. திண்ணையிலிருந்து விழுந்து அழுது, கொஞ்ச நேரத்தில் பழையபடி விளையாடும் பிள்ளைக்கு டாக்டர் "நாலு முதல் ஆறு மணி நேரம் இங்கேயே இருங்க, பார்க்கலாம்" என்றால், அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்த்துக்கொண்டிருப்பதே அங்கே சிறந்த பரிசோதனை. வளரும் உடலுக்குக் கதிர்வீச்சின் பாதிப்பு அதிகம்.

சாலை விபத்தில் செலவைப் பற்றித் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளி மாநிலத்தவருக்கும் அது உண்டு.

வயிற்று வலி

இங்கேதான் விலை உயர்ந்த ஸ்கேன்தான் சிறந்த ஸ்கேன் என்ற நினைப்பு அதிகமாக ஏமாற்றும். பித்தப்பைக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பால் ஆன கல்லின் அடர்த்தியும் பித்தநீரின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், சிடியில் அது தெரியாமலே போகலாம். சில நூறு ரூபாய்க் கணக்கில் முடியும் அல்ட்ராசவுண்டில் அதே கல் தன் நிழலோடு தெளிவாகத் தெரியும். கருப்பை, சினைப்பைக் கோளாறுகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். அதிலும் போதாவிட்டால் எம்ஆர்ஐ.

சிறுநீரகக் கல்லுக்குக் கதை திரும்பும். மருந்து செலுத்தாத சிடிக்குத் தப்பும் கல் மிகக் குறைவு. சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய சின்னக் கல்லை அல்ட்ராசவுண்ட் அடிக்கடி தவறவிடும். அப்படியானால் முதலிலேயே சிடி எடுத்துவிடலாமே என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். அமெரிக்காவில் 15 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் 2,759 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. கல் என்ற சந்தேகத்தில் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தவர்களுக்கும் முதலில் சிடி எடுத்தவர்களுக்கும், ஆபத்தான நோய் தவறிப்போனதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. முதல் கூட்டத்துக்குக் கதிர்வீச்சு குறைவாக இருந்தது. சித்திரை வெயிலில் வரப்பில் நின்று வேலை செய்பவர்களுக்குக் கல் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் சிடி என்றால் பத்து வருடத்தில் எவ்வளவு சேரும் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் சேர்ந்தாலோ, ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி வந்தாலோ, வலி அடங்காமல் ஆபரேஷன் பேச்சு வந்தாலோ சிடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

குடல்வாலுக்கு, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட். பெரியவர்களுக்கு அதில் சரியாகத் தெரியாவிட்டால் சிடி. கணைய அழற்சிக்கு முதல் நாளே சிடிக்கு அவசரப்படுத்தாதீர்கள். வலியும், ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவுமே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடும். திசு எவ்வளவு செத்திருக்கிறது என்பது இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்தால்தான் சரியாகத் தெரியும்.

நெஞ்சு

இருமல், சளி, மூச்சிரைப்புக்கு முதலில் எக்ஸ்ரே. காசநோய் என்று சந்தேகம் வந்தால் முடிவு சொல்ல வேண்டியது சளிப் பரிசோதனை. சிடி சந்தேகத்தைக் கூட்டும், கிருமியைக் காட்டாது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கும் நெஞ்சு சிடி எடுக்க ஊர் ஊராகக் கூட்டம் நின்றதை எல்லோரும் பார்த்தோம். நல்ல ஆக்சிஜன் அளவோடு இருந்த பலருக்கு அந்தப் படத்தால் வைத்தியம் ஒன்றும் மாறவில்லை. நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக் கட்டி, புற்றுநோய், மாறாத நிழல் என்றால் சிடிக்கு ஈடில்லை.

முதுகு வலி

நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யும் பெண்கள் முதுகுவலியோடு வந்து எம்ஆர்ஐ எடுக்கக் கடன் வாங்குவதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. சாதாரண முதுகுவலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்குள் எந்தப் படமும் தேவையில்லை. வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் சுமார் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் ரிப்போர்ட்டில் வந்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது, பயத்தில் படுத்துவிட்டால் வலி கூடுகிறது.

ஆனால் கால் பலம் குறைந்தால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனால், உட்காரும் பகுதி மரத்துப்போனால் அன்றைக்கே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். காய்ச்சலோ எடை குறைவோ, பழைய புற்றுநோயோ இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இந்த இடங்களில் சிடி எடுத்துவிட்டு மறுபடி எம்ஆர்ஐ எடுப்பது இரட்டைச் செலவு. விழுந்து அடிபட்ட முதுகு என்றால் முறிவைப் பார்க்கச் சிடிதான் முதலில்.

இடையில் ஒன்று. வயலில் பாம்பு கடித்தவரை "ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு" என்று கூடுதல் தூரம் கொண்டுபோக வேண்டாம். அங்கே தேவை விஷமுறிவு மருந்தும், கண்ணாடிக் குழாயில் ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும்தான். கண்ணாடி விரியன் கடித்தவருக்குப் பின்னால் கடும் தலைவலியோ மயக்கமோ வந்தால் அப்போது மூளை சிடி.

கதிர்வீச்சுக் கணக்கு

உலகச் சராசரியில் மண், காற்று, விண்வெளி இவற்றிலிருந்து நம் உடல் வருடத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறது; உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது. நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழ். மூளை சிடி ஏறக்குறைய 2. நெஞ்சு சிடி 6, 7. வயிறும் இடுப்பும் சேர்ந்தால் 8 முதல் 10, சில வேளை அதற்கும் மேல். ஒரு வயிற்றுச் சிடி, மூன்று நான்கு வருட இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். இதனால் ஒருவருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதளவே கூடும். உயிர் போகும் கேள்விக்கு விடை வேண்டும்போது அந்தச் சிறிதளவைப் பார்த்துப் பின்வாங்கக் கூடாது. கேள்வியே இல்லாமல் "முழு உடல் சோதனை" என்று எடுக்கும்போதுதான் அது வீணாக ஏறும் சுமை. அப்படி எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மேசையில் படுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். மாமியார், கணவர் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் உள்ளே வந்து எங்களிடம் மட்டும் சொன்னால் போதும்.

மருந்து செலுத்தி எடுப்பது

கட்டி, ரத்தக்குழாய், தொற்று இவற்றைப் பார்க்க அயோடின் கலந்த மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவோம். உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் கழிந்துவிட்டதுபோல் தோன்றும். அது சகஜம், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்னாடியே பார்த்திருக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 48 மணி நேரம் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். இதற்கு முன் இந்த மருந்தில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐக்கு வேறு முன்ஜாக்கிரதை. பேஸ்மேக்கர், காது உள்வைப்புக் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப் இவற்றைச் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. லேத் பட்டறையிலோ வெல்டிங்கிலோ வேலை பார்த்தவர்கள் கண்ணில் இரும்புத் தூள் போன கதை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். காந்தம் அதை இழுத்தால் பார்வையே போகும். தாலிக்கொடியைக் கழற்றப் பெண்கள் தயங்குவது எனக்குத் தெரியும். வீட்டிலிருந்தே ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவந்து கட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. நெஞ்சு, கழுத்துச் சிடிக்கும் இது பொருந்தும், உலோகத்தின் கீற்று படத்தைக் கெடுத்துவிடும்.

எங்கே எடுப்பது

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிடி இருக்கிறது. தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. அவசர நோயாளிக்கு முதலிடம் கிடைக்கும். அவசரமில்லாதவருக்கு வரிசையும் காத்திருப்பும் உண்டு. உள்நோயாளியாகச் சேர்ந்து முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை நடக்கிறது என்றால், பணம் கட்டும் முன் ஸ்கேனும் அதில் அடங்குமா என்று காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

தனியார் மையத்தில் நேரம் மிச்சம். அங்கே "128 ஸ்லைஸ்" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கருவி ஒரு சுற்றில் எத்தனை வெட்டுப் படங்கள் எடுக்கும் என்பதே அந்த எண். தலை அடி, பக்கவாதம், சிறுநீரகக் கல் இவற்றுக்கு 16 ஸ்லைஸ் கருவியே போதும். இதய ரத்தக்குழாயைச் சிடியில் பார்க்கத்தான் 64 அல்லது அதற்கு மேல் வேண்டும். கருவியைவிட முக்கியம், படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் யார், ரிப்போர்ட் எத்தனை மணிக்கு வரும் என்பது. சிடி கருவி வைத்திருக்கும் மையத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கும்பகோணத்தில் ஒரு சிடி, தஞ்சாவூரில் அதே சிடி, திருச்சியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ மறுபடியும் அதே சிடி என்று ஒரே வாரத்தில் மூன்று முறை எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்தது, படங்கள் இல்லை. ஃபிலிமோடு நிறுத்தாமல், எல்லாப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டையோ பென்டிரைவ் நகலையோ கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்கேன்களையும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் அதே பையில் போட்டு எடுத்து வாருங்கள். புதிதாகத் தெரியும் நிழல் போன வருடமும் இருந்ததா என்று அந்தப் பழைய படத்தைப் பார்த்தே சொல்லிவிட முடிந்தால், அடுத்த ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம்.